பூம்ப்ளிஸிலிருந்து பனிமலைக்கு: குடும்பத்தோடு ஒரு ஸ்கி விடுமுறை

டிசம்பர், ஜனவரி மாதங்களில் பேர்ண் நகரின் பூம்ப்ளிஸில் சூரியனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆல்ப்ஸுக்கும் யூரா மலைக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் குளிர்காற்று கனத்துத் தங்கிவிடுகிறது. அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று. இரண்டும் சந்திக்கும் மட்டத்தில் மூடுபனி கவிந்தால் சில வேளை கிழமைக்கணக்கில் கலையாது. அதே நேரத்தில், ஒரு மணித்தியால ரயில் தூரத்தில், 1500 மீட்டர் உயரத்தில் வானம் நீலமாக இருக்கும். வெயிலில் கண் கூசும். ஸ்கி தெரியாவிட்டாலும் மலைக்குப் போக இந்த ஒரு காரணமே போதும்.

எண்பதுகளில் இலங்கையிலிருந்து சுவிஸுக்கு வந்த நம்மவர்களில் மிகப் பலர் உணவகங்களிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்தவர்கள். பனிமலை ஊர்களை அவர்கள் முதலில் கண்டது சமையலறைப் பக்கத்திலிருந்துதான். மேலே வெள்ளைக்காரர் சறுக்கிக்கொண்டு போக, கீழே நாங்கள் கோப்பை கழுவினோம். அதனாலேயே ‘அது எங்களுக்கான விளையாட்டு இல்லை’ என்ற எண்ணம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் வகுப்பில் எல்லோரோடும் ஸ்கி முகாமுக்குப் போய்வந்து, ‘நாங்களும் ஒரு நாள் சேர்ந்து போவம்’ என்று கேட்கிறார்கள். இந்த அத்தியாயம் அந்தப் பெற்றோருக்கு. ஒரு நாளும் ஸ்கியில் நின்றிராத அப்பா, குளிரென்றால் போர்வைக்குள் போய்விடும் அம்மம்மா, கடினமான கறுப்புப் பாதையில் பறக்கும் பதினாறு வயது மகன் எல்லோரும் ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் திரும்புவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தில் மிகக் குறைவாகத் தெரிந்தவரைப் பார்த்து மலையைத் தேர்ந்தெடுங்கள். நன்றாக ஸ்கி ஓடத் தெரிந்தவர் எந்த மலையிலும் தனக்கொரு பாதையைக் கண்டுபிடித்துக்கொள்வார். தெரியாதவரைச் செங்குத்தான மலைக்குக் கூட்டிப்போனால் அவருக்கு அந்த நாளோடு ஸ்கி முடிந்துவிடும். பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கின்றன. பெயர் பெற்ற ஊராகப் பார்த்துப் போகிறார்கள், படம் எடுக்கிறார்கள், அடுத்த வருடம் போவதில்லை.

எவ்வளவு உயரம் வேண்டும்?

பேர்ண் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 540 மீட்டர். நகரத்தின் வீட்டு மலையான குர்ட்டன் 858 மீட்டர். வாபெர்னிலிருந்து 1899 முதல் ஓடும் கயிற்று ரயிலில் ஏறிப் போகலாம். பனி விழுந்த மறுநாள் சின்னப் பிள்ளைகளைச் சறுக்குவண்டியோடு கூட்டிப்போக அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. ஆனால் அந்த உயரத்தில் விழும் பனி சில நாட்களிலேயே கரைந்துவிடுகிறது. குளிர்காலம் வெப்பமாகிக்கொண்டு வருவதால் 1500 மீட்டருக்குக் கீழே உள்ள சிறு ஸ்கி இடங்களை நம்பி முன்கூட்டிப் பணம் கட்டுவது புத்தியில்லை. செயற்கைப் பனி போடும் இயந்திரங்களுக்கும் காற்று உறைநிலைக்குக் கீழே இறங்க வேண்டும்.

ஆகவே உயரம் என்பது முதலில் பனிக்கான உத்தரவாதம். கிறிஸ்மஸ் காலத்தில் முன்கூட்டிப் பதிவு செய்வதானால் பாதைகள் 1800 மீட்டருக்கு மேலே இருக்கும் இடமாகப் பாருங்கள். பெப்ரவரியில் சற்றுக் கீழே இறங்கலாம். ஏப்ரலிலும் ஸ்கி ஓட ஆசையென்றால் செர்மாட், சாஸ்-ஃபே மாதிரிப் பனியாறு உள்ள ஊர்கள்தான். அங்கேயும் எல்லாம் நிலையானதல்ல. வருடம் முழுவதும் ஸ்கி ஓடும் இடமென்று பெயர் பெற்ற செர்மாட்டில் 2022 கோடையில் பனி உருகியதால் யூலை இறுதியில் பாதைகளை மூட வேண்டி வந்தது.

உயரத்துக்கு ஒரு விலையும் உண்டு. செர்மாட்டுக்கு மேலே கேபிள் கார் போய்ச்சேரும் சின்ன மாட்டர்ஹோர்ன் 3883 மீட்டர். அங்கே மூச்சில் கிடைக்கும் ஒக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. இதய நோய் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அவ்வளவு மேலே போகக் கூடாது. சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போடுபவர்கள் மருந்தை வெளிப்பையில் வைக்காமல் உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். உறைந்த இன்சுலின் வேலை செய்யாது.

எந்த மலை, யாருக்கு

சுவிஸில் பாதைகளுக்கு மூன்று நிறங்கள். நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். மஞ்சள் அடையாளம் போட்ட வழிகளும் உண்டு. அவற்றைப் பனிச்சரிவிலிருந்து காப்பார்கள், ஆனால் இயந்திரத்தால் சீர்செய்வதில்லை. முதல் இரண்டு வருடம் மஞ்சள் உங்களுக்கு வேண்டாம். நிறம் சரிவைச் சொல்லுமே தவிர அன்றைய பனியைச் சொல்லாது. காலையில் பனிக்கட்டியாக இறுகிக் கிடக்கும் நீலப் பாதை மத்தியானச் சிவப்புப் பாதையைவிடப் பயங்கரமாக இருக்கும்.

முற்றிலும் புதியவர்களுக்கு காண்டர்ஸ்டேக். பேர்ணிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஊரிலிருந்து கேபிளில் ஏறினால் ஓஷினன் ஏரிப் பக்கம் சின்னதொரு ஸ்கி இடம், இலகுவான பாதைகள், அதிக கூட்டமில்லை. ஸ்கி ஓடாதவர்கள் ஏரிவரை நடந்து போகலாம். பனிக்கட்டி போதிய தடிப்பில் இருந்து திறந்துவிடும் நாட்களில் ஏரியின் மேலேயே நடக்கலாம். திறந்திருப்பதாக அறிவிப்பு இல்லாவிட்டால் கால் வைக்கக் கூடாது. லெங்க் ஊரின் பெட்டெல்பெர்க் பக்கமும் தொடங்குபவர்களுக்குப் பதமானது. ஸ்பீட்ஸிலும் ஸ்வைசிம்மனிலும் மாறிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கிழமை தங்கப் போகிறீர்கள், பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் என் முதல் தெரிவு வாலிஸ் பக்கம், அலெட்ச் பனியாற்றுக்கு அருகே உள்ள பெட்மெரால்ப் அல்லது ரீடெரால்ப். இரண்டும் 1900 மீட்டருக்கு மேலே, கார் போகாத ஊர்கள். பள்ளத்தாக்கில் ரயிலை விட்டிறங்கி நேரே கேபிள் காரில் ஏறுவீர்கள். வீட்டு வாசலிலேயே பனி. பிள்ளை ஒன்று தனியாக நாலு வீடு தள்ளிப் போனாலும் காருக்குப் பயப்பட வேண்டியதில்லை. 2007இல் லெட்ச்பெர்க் அடிவாரச் சுரங்கம் திறந்தபிறகு பேர்ணிலிருந்து வீஸ்ப் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. வாலிஸ் தூரம் என்பது பழைய கதை.

நடுத்தரமாக ஓடத் தெரிந்தவர்கள் உள்ள வீட்டுக்குக் கிரிண்டல்வால்டும் வெங்கனும். 2020 டிசம்பரில் கிரிண்டல்வால்ட் டெர்மினல் திறந்ததிலிருந்து அங்கே போவதே வேறு விதமாகிவிட்டது. ரயிலை விட்டிறங்கினால் அதே கட்டடத்திலிருந்து இரண்டு கேபிள்கள். ஒன்று மென்லிஹனுக்கு, மற்றது ஐகர் எக்ஸ்பிரஸ். ஐகர் எக்ஸ்பிரஸ் பதினைந்து நிமிடத்தில் 2320 மீட்டரில் உள்ள ஐகர்கிளெட்ஷருக்குக் கொண்டுபோய்விடும். பயணத்தின்போது ஐகரின் வடக்குச் சுவர் பக்கத்திலேயே வரும். மென்லிஹனில் அகன்ற நீலப் பாதைகள்; அங்கிருந்து கிளைன ஷைடெக் வரை ஸ்கியிலேயே போய் மதியம் எல்லோரும் சந்திக்கலாம். தொடங்குபவர்களுக்கு ஊருக்குள்ளேயே போட்மி என்ற பயிற்சிச் சரிவு. அடெல்போடனும் லெங்க்கும் இணைந்த பகுதியும் இந்தத் தரத்துக்கு நன்றாகப் பொருந்தும். தொலைக்காட்சியில் ஜனவரியில் அடெல்போடன் உலகக் கிண்ணப் போட்டியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அந்தச் செங்குத்துச் சரிவு பகுதியின் ஒரு மூலைதான்.

வீட்டில் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார், அவருக்குச் சவால் வேண்டுமென்றால் மியூரன். 1922இல் ஆர்னல்ட் லன் என்ற ஆங்கிலேயர் இன்றைய சிலாலோம் போட்டியை முதலில் நடத்தியது இங்கேதான். 1931இல் முதல் அல்பைன் ஸ்கி உலகச் சாம்பியன் போட்டியும் இங்கேதான். 2970 மீட்டர் உயர ஷில்ட்ஹோர்னிலிருந்து பள்ளத்தாக்கு நோக்கி ஓடும் இன்ஃபெர்னோ போட்டி 1928இல் தொடங்கியது; அமெச்சூர்களும் பதிவுசெய்து ஓடுகிறார்கள். வெங்கனுக்கு மேலே லௌபர்ஹோர்ன் பாதையின் நீளம் ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர், உலகக் கிண்ணப் பாதைகளில் ஆக நீளமானது. உலகத்தரப் போட்டியாளர்கள் இரண்டரை நிமிடத்தில் முடிப்பார்கள். போட்டி இல்லாத நாட்களில் உங்கள் மகன் அதே சரிவில் இறங்கி, எத்தனை நிமிடம் என்று உங்களுக்குச் சொல்லாமல் விட்டுவிடுவான்.

செர்மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாத் தரத்துக்கும் பாதை உண்டு, இத்தாலிப் பக்கம் இறங்கி மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். ஆனால் விலை. முதல் ஸ்கி விடுமுறைக்கு அங்கே போய்க் காசைக் கொட்டத் தேவையில்லை. நீலப் பாதையில் நிம்மதியாக ஓட வந்தபிறகு போங்கள்.

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர் யுங்பிராவ்யோக் போக வேண்டுமென்று அடம்பிடிப்பார்கள். 1912 முதல் ஓடும் ரயில், 3454 மீட்டரில் நிலையம். அது பார்வையிடும் இடம். ஸ்கி விடுமுறை என்று நினைத்து அங்கே ஸ்கியைச் சுமந்துகொண்டு போகாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் இரண்டும் கெடும்.

உடுப்பு, சப்பாத்து

முதல் வருடம் எதையும் வாங்காதீர்கள். ஸ்கி, சப்பாத்து, தடி, ஹெல்மெற் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். வளரும் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கடைகள் இலையுதிர் காலத்திலிருந்தே முழுப் பருவத்துக்கும் சேர்த்து வாடகைக்குக் கொடுக்கின்றன. வருடத்தில் நாலைந்து நாள் போவதானாலே அது லாபம். ஒக்டோபர், நவம்பரில் பல ஊர்களில் பழைய ஸ்கிச் சாமான் சந்தைகள் நடக்கும். பனிக் காற்சட்டையும் ஜக்கற்றும் புரொக்கி எனப்படும் பழைய பொருள் கடைகளில் நல்ல நிலையில் கிடைக்கும். மற்றப் பிள்ளை போட்ட உடுப்பா என்று கூச்சப்பட வேண்டாம். சுவிஸ்காரரின் பிள்ளைகளே அப்படித்தான் போடுகிறார்கள்.

சப்பாத்துதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஸ்கி சற்று நீளமானாலும் சமாளிக்கலாம், சப்பாத்து பிழைத்தால் பத்து மணிக்கே நாள் முடிந்துவிடும். அளவைச் சென்ரிமீட்டரில் சொல்வார்கள். நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் முன்பக்கம் மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதி மேலே எழும்பக் கூடாது. குளிருமே என்று இரண்டு காலுறை போடுவது நம்மவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. இரண்டு காலுறை இரத்த ஓட்டத்தை நெரித்து இன்னும் குளிர வைக்கும். முழங்கால்வரை நீண்ட ஸ்கிக் காலுறை ஒரு சோடி போதும்.

கடையில் உங்கள் எடை, உயரம், வயது, எவ்வளவு தெரியும் என்று கேட்பார்கள். விழும்போது சப்பாத்து ஸ்கியிலிருந்து எந்த அழுத்தத்தில் கழர வேண்டும் என்பதை இந்தத் தகவல்களையும் சப்பாத்தின் நீளத்தையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். எடையை வெட்கத்துக்காகக் குறைத்துச் சொன்னால் ஓடும்போதே ஸ்கி கழன்றுவிடும். ‘நல்லா ஓடுவன்’ என்று பெருமையடித்தால் விழும்போது கழராது, முழங்கால் முறுகும். சொந்தமாக ஸ்கி வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பிணைப்பைக் கடையில் சோதிப்பிக்க வேண்டும் என்று பேர்ணில் உள்ள விபத்துத் தடுப்பு ஆலோசனை நிலையமான பிஎஃப்யூ சொல்கிறது.

ஜீன்ஸும் பருத்தி பெனியனும் வேண்டாம். வேர்வையும் பனியும் பட்டு நனைந்தால் காயாது. நீண்ட சால்வையை லிஃப்ற் இழுத்துக்கொள்ளும், கழுத்துக்கு வளையமாக வரும் துணியைப் போடுங்கள். காப்பையும் பெரிய தோட்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கையுறைக்குள் காப்பு இருந்தால் விழும்போது மணிக்கட்டை வெட்டும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உள்ளுடுப்புக்குள் போட்டுக்கொள்ளலாம். ஹெல்மெற் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் பாதையில் ஹெல்மெற் இல்லாத தலையைத் தேட வேண்டியிருக்கும், அவ்வளவு பேர் போடுகிறார்கள்.

‘எங்கட தோலுக்கு சன்கிரீம் என்னத்துக்கு’ என்ற பேச்சைக் கேட்காதீர்கள். உயரம் ஏற ஏறப் புறஊதாக் கதிர் கூடுகிறது. புதுப்பனி அதில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்திலேயே அடிக்கிறது. நாடியின் கீழும் மூக்கின் அடியிலும் பூச வேண்டும். கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் வெயிலில் நின்றால் இரவு கண்ணுக்குள் மணல் கொட்டிய மாதிரி உறுத்தும்.

முதல் நாள்

அப்பா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கணவன் மனைவிக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். ஸ்கிப் பள்ளியில் குழுவாகச் சேருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே ஸ்னோலி என்ற முயல் சின்னம், நகரும் நடைபாதை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று படிப்படியான தரங்கள், முடிவில் பதக்கம். ஸ்கியின் முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்தால் ‘பீட்சா’, வேகம் குறையும். இரண்டையும் நேராக வைத்தால் ‘பொம்மெஸ்’, வேகம் கூடும். நாலு வயதுப் பிள்ளை அரை நாளில் இதைப் பிடித்துக்கொள்ளும். நாற்பது வயதுக்காரருக்கு இரண்டு நாள் எடுக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரியவர்களுக்கென்றே தனிக் குழுக்கள் உண்டு.

விழுவது பாடத்தின் ஒரு பகுதி. எழும்பத் தெரிவதுதான் கலை. இரண்டு ஸ்கியையும் சரிவுக்குக் குறுக்காக, உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்துவிட்டு, மலைப்பக்கம் கையூன்றி எழும்ப வேண்டும். ஸ்கி பள்ளம் நோக்கி இருக்கும்போது எழும்ப முயன்றால் திரும்பவும் போவீர்கள்.

இழுவை லிஃப்ற்றில் எல்லோரும் ஒருமுறையாவது விழுவதற்கு ஒரே காரணம்தான்: அதில் உட்காரப் பார்க்கிறார்கள். அந்தக் குறுக்குத் தடி இருப்பதற்கல்ல, தள்ளிக்கொண்டு போவதற்கு. முழங்காலைச் சற்று மடக்கி நின்றுகொண்டே போங்கள். விழுந்தால் உடனே பாதையை விட்டு விலகிவிடுங்கள், பின்னால் ஆள் வரும். கதிரை லிஃப்ற்றில் ஏறுமுன் இரண்டு தடியையும் ஒரே கையில் பிடித்து, முதுகுப்பையைக் கழற்றி மடியில் வையுங்கள். சின்னப் பிள்ளை தனியாகப் பெரியவர் இல்லாத கதிரையில் ஏறக் கூடாது. பயமென்றால் லிஃப்ற்காரரிடம் கையைக் காட்டுங்கள், வேகத்தைக் குறைத்துவிடுவார். அவருக்கு அது நாளாந்த வேலை.

கடைசி இறக்கத்தைக் கேபிள் காரில் இறங்குங்கள். மூன்று மணிக்குக் கால் களைத்திருக்கும், பாதை குழம்பிக் கட்டிகட்டியாகக் கிடக்கும், ஊருக்கு இறங்கும் வழியில் கூட்டமும் கூடும். ‘இன்னும் ஒரே ஒரு தரம்’ என்று பிள்ளை கேட்கும்போதுதான் நிறுத்த வேண்டும். பாதை மூடியபின் மேலே நிற்பது உயிராபத்து: இரவில் சரிவைச் சீர்செய்யும் இயந்திரங்களைக் கம்பியில் கட்டி இழுப்பார்கள், இருட்டில் அந்தக் கம்பி தெரியாது.

ஸ்கி ஓடாதவர்களுக்கு

அம்மம்மாவை ஓய்வகத்தில் உட்கார வைத்து ஜக்கற் காவலுக்கு விட்டுவிட்டுப் போவது நியாயமில்லை. இளஞ்சிவப்புக் கம்பங்கள் நட்ட குளிர்கால நடைபாதைகள் எல்லாப் பெரிய ஊர்களிலும் உண்டு, ஸ்கிக்காரர் அதில் வர முடியாது. சறுக்குவண்டிக்குத் தனிப் பாதைகள் உண்டு. கிரிண்டல்வால்டில் பவுல்ஹோர்னிலிருந்து இறங்கும் பாதை 15 கிலோமீட்டர். ஆனால் தொடக்க இடத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஏறி நடக்க வேண்டும் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. அதே ஊரில் 1911இல் உரிமம் பெற்ற, சைக்கிள் மாதிரியான மரச் சறுக்குவண்டி வெலோகெமல் இன்னும் ஓடுகிறது. வாடகைக்கும் எடுக்கலாம்.

காப்புறுதி: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

ஒரே முதலாளியிடம் கிழமைக்குக் குறைந்தது எட்டு மணித்தியாலம் வேலை செய்பவருக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்தும் முதலாளி வழியாகக் காப்புறுதியில் உண்டு. ஸ்கியில் கால் முறிந்தால் வைத்தியச் செலவும், சம்பளத்தின் பெரும்பகுதியும் அதில் வரும். ஆனால் நம் பெண்கள் பலர் இரண்டு மூன்று இடங்களில் துப்புரவு வேலை செய்கிறார்கள், ஒவ்வொரு இடத்திலும் நாலைந்து மணித்தியாலம். அந்த மணித்தியாலங்களைக் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். ஒரு இடத்திலாவது எட்டு இல்லையென்றால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

அப்படியானவர்களுக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கும், பிள்ளைகளுக்கும் கிராங்கன்காசை எனப்படும் மருத்துவக் காப்புறுதிதான் பொறுப்பு. காசைப் பத்திரத்தில் விபத்தும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சக் காசு மிச்சம் பிடிக்கவென்று அதை நீக்கிவிட்டு, பிறகு வேலை மணித்தியாலம் குறைந்ததை மறந்துபோனவர்கள் இருக்கிறார்கள். காசை வழியாகப் போனால் முதலில் நீங்களே கட்ட வேண்டிய ஃபிரான்ஷீஸ் தொகையும் பங்குத் தொகையும் கையிலிருந்து போகும். மலையில் மீட்கும் செலவில் அடிப்படைக் காப்புறுதி பாதியைத்தான் தரும், அதுவும் வருடத்துக்கு 5000 பிராங்க் வரை. ஹெலிகொப்டர் வந்தால் மிச்சம் உங்கள் தலையில். 1952இல் தொடங்கிய ரேகா மீட்பு அமைப்பின் ஆதரவாளராக வருடச் சந்தா கட்டியிருந்தால், காப்புறுதி தராத செலவை அவர்கள் விட்டுக்கொடுக்க முடியும். நீங்கள் மற்றவரை இடித்துக் காயப்படுத்தினால் தனியார் பொறுப்புக் காப்புறுதி வேண்டும். வீட்டு வாடகைக்காக எடுத்த பத்திரத்தில் பெரும்பாலும் அது இருக்கும், ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அவசர இலக்கம் 144. ஹெலிகொப்டருக்கு ரேகா 1414. வாலிஸில் எதற்கும் 144. பாதையிலேயே விபத்தென்றால் விழுந்தவருக்கு மேற்பக்கத்தில் இரண்டு ஸ்கியைக் குறுக்காக நட்டுவிட்டு, பாதை மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள். எண் ரிக்கற்றிலும் பாதை வரைபடத்திலும் இருக்கும்.

சர்வதேச ஸ்கிச் சங்கத்தின் பத்து விதிகளை நீதிமன்றங்களும் பார்க்கின்றன. எல்லாவற்றையும் இங்கே எழுதவில்லை. மூன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பின்னால் வருபவர்தான் முன்னால் போகிறவருக்கு இடம் விட வேண்டும். பாதையில் சேருமுன் மேலே பார்க்க வேண்டும். ஒடுங்கிய இடத்திலும் மேடு மறைக்கும் இடத்திலும் நிற்கக் கூடாது.

பாதைக்கு வெளியே, தொடாத பனியில் இறங்கும் ஆசை பதினாறு வயதுக்காரனுக்கு வரும். டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் எஸ்எல்எஃப் குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை ஐந்து மணிக்குப் பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படிகளில் வெளியிடுகிறது. மூன்றாம் படி என்றால் ‘நடுவில்தானே இருக்கு’ என்று நினைக்கக் கூடாது. பனிச்சரிவில் இறப்பவர்களில் பெரும்பங்கு மூன்றாம் படி நாட்களில்தான் இறக்கிறார்கள். பயிற்சியும், தேடும் கருவியும், துணையும் இல்லாமல் கம்பத்தைத் தாண்டக் கூடாது. பேச்சு அவ்வளவுதான்.

சாப்பாடு, செலவு, பதிவு

மலை உணவகத்தின் விலை கீழே உள்ளதைவிட அதிகம். பெரும்பாலும் அதன் மேசையில் சொந்தச் சாப்பாட்டைப் பிரிக்க விடமாட்டார்கள். ஆனால் பல நிலையங்களில் சாப்பாடு கொண்டுவருபவர்களுக்கென்று சூடான அறை உண்டு, லிஃப்ற்காரரைக் கேளுங்கள். றோல்ஸும் சம்பல் பாணும் குளிரிலும் ருசி கெடாது, புட்டு இறுகிவிடும். சைவக்காரர் அல்ப்லர் மக்ரோனன் என்ற மக்ரோனி உணவைக் கேட்கும்போது ‘ஓனெ ஸ்பெக்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பன்றியிறைச்சித் துண்டு சேர்ந்து வரும். வாற்கோதுமைச் சூப்பிலும் அதே கதை.

செலவைக் குறைக்க வழிகள் உண்டு. ஆறு வயதுக்குக் கீழே ரயில் இலவசம். ஆறிலிருந்து பதினாறு வரை, பெற்றோரோடு போகும் பிள்ளைக்கு வருடத்துக்கு 30 பிராங்க் ஜூனியர் கார்ட் போதும். பல மலைகளில் நாள் ரிக்கற்றின் விலை இப்போது கிராக்கியைப் பார்த்து மாறுகிறது, இணையத்தில் முன்கூட்டி வாங்கினால் குறைவு. சனி ஞாயிறைத் தவிர்த்துச் செவ்வாய், புதனில் போனால் கூட்டமும் குறைவு. வருமானம் குறைந்த குடும்பங்கள் காரித்தாஸின் குல்ட்டூர்லேகி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், விளையாட்டுக்கும் கழிவு உண்டு. தொடங்குபவர் முழு மலைக்கும் ரிக்கற் எடுக்கத் தேவையில்லை. பயிற்சிச் சரிவுக்கு மட்டுமான ரிக்கற் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பள்ளி முகாமை மறுக்காதீர்கள். பெண்பிள்ளையை அனுப்பத் தயங்கும் வீடுகள் இன்னும் உண்டு. கட்டாயப் பள்ளி முகாமுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவைத் தவிர வேறு வாங்கக் கூடாது, அதுவும் நாளைக்கு அதிகபட்சம் 16 பிராங்க் என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அவ்வளவு குறைந்த காசில் ஒரு கிழமை ஸ்கி வேறெங்கும் கிடைக்காது. 13, 14 வயதுப் பிள்ளைகள் 600 பேரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து லெங்க்கில் நடக்கும் யூஸ்கிலா முகாமுக்கும் பெயர் கொடுங்கள். 1941இல் தொடங்கிய முகாம் அது. நிலக்கரித் தட்டுப்பாட்டால் பள்ளிகளைச் சூடாக்க முடியாமல் குளிர்காலத்தில் மூடிய அந்தப் போர்க்காலத்திலிருந்துதான் பெப்ரவரி ஸ்போர்ட் விடுமுறையும் வந்தது.

அந்த விடுமுறைக் கிழமைதான் எல்லோரும் மலைக்குப் போகும் கிழமை. பிள்ளைகளின் குழு வகுப்பு இடங்களும் மலிவான தங்குமிடங்களும் முதலில் முடிந்துவிடும். தை பிறக்கட்டும் பார்ப்போம் என்று இருக்காமல், ஸ்கிப் பள்ளியையும் வீட்டையும் நவம்பருக்குள் பதிவு செய்துவிடுங்கள்.